கன்னி ஈன்ற மகவு

மார்கழித் திங்களில் கிறிஸ்து பிறப்பு விழா வருங்கால், கோவில்களிலும் இல்லங்களிலும் சிறு குடில்கள் அமைக்கப்படுவதை மாணவர்கள் கண்டிருப்பீர்கள். வைக்கோலும் தீவனத் தொட்டியும், இடையரும் கீழ்த்திசை ஞானியரும் அங்கே காட்சி தருவர். குழந்தையின் ஒரு புறம் இளந்தாய் ஒருத்தி அமர்ந்திருப்பாள். மறுபுறம் கோலூன்றிய ஒருவர் சற்றே ஒதுங்கி நிற்பார். அந்தத் தாய் ஆடவர் தொடர்பின்றிக் கருவுற்றாள் என்பதும், ஒதுங்கி நிற்பவர் குழந்தையைப் பெற்ற தந்தை அல்லர் என்பதும் கிறிஸ்தவத் திருச்சபை பத்தொன்பது நூற்றாண்டுகளாக அறிக்கையிட்டு வரும் செய்திகள். இஃது உண்மையாய் நிகழ்ந்ததா என்னும் வினாவுக்கு விடை காண்பது அவரவர் நம்பிக்கையைப் பொறுத்தது. இக்கொள்கை எதைச் சொல்லுகிறது, எதைச் சொல்லவில்லை, இதற்காகச் சான்றோர் பலர் ஏன் இத்துணை வன்மையாக வாதிட்டனர் என்பதை அறிவது, எச்சமயத்தைச் சார்ந்த மாணவர்க்கும் பயன் தருவது.

முதற்கண் ஒரு மயக்கத்தை நீக்கிக்கொள்வோம். கத்தோலிக்கர் டிசம்பர் 8ஆம் நாள் கொண்டாடும் ‘அமலோற்பவம்’ என்னும் திருநாள், இயேசு கன்னியிடம் கருவானதைக் குறிப்பது என்று கற்றோரும் சிலபோது எழுதிவிடுகின்றனர். அஃது அன்று. மரியாள் தன் தாயின் வயிற்றில் கருவான கணத்திலேயே பிறப்புநிலைப் பாவத்தின் மாசு தீண்டாதவளாய் இருந்தாள் என்பதே அமலோற்பவக் கொள்கை. ஒன்பதாம் பத்திநாதர் என்னும் போப்பாண்டவர் 1854ஆம் ஆண்டில் அதனை விசுவாச சத்தியமாக அறிவித்தார். கீழைத் திருச்சபையாரும் சீர்திருத்தத் திருச்சபையாரும் அதனை ஏற்பதில்லை. நாம் இங்கே பேசப்புகும் கன்னிப் பிறப்போ, இம்மூன்று பிரிவினருக்கும் பொதுவான பழம் விசுவாச அறிக்கைகளில் இடம் பெற்றது. அதற்குரிய நாள் மார்ச் 25; கிறிஸ்து பிறப்பு விழாவுக்குச் சரியாக ஒன்பது திங்கள் முந்தியது. மங்கள வார்த்தைத் திருநாள் என்று நம் நாட்டுக் கத்தோலிக்கர் அதனை அழகாக வழங்குவர்.

விவிலியத்தில் இச்செய்தி எங்கெங்கே உள்ளது என்று தேடினால் வியப்பே மிஞ்சும். நற்செய்தி நூல்கள் நான்கனுள் மத்தேயு, லூக்கா என்னும் இரண்டில் மட்டுமே இஃது உண்டு. மாற்கு, இயேசுவின் முப்பதாம் அகவைக்கு அருகில் நிகழ்ந்த திருமுழுக்கிலிருந்து கதையைத் தொடங்கிவிடுகிறார். யோவான், உலகம் தோன்றுமுன் இருந்த வார்த்தையிலிருந்து தொடங்குகிறார். அந்நூல்கட்கெல்லாம் முன்னரே மடல்கள் எழுதிய பவுல், இயேசு ஒரு பெண்ணிடத்துப் பிறந்தவர் என்று சொல்வதோடு நின்றுவிடுகிறார். ஆகவே இக்கொள்கையின் சுமை முழுவதையும் தாங்கி நிற்பவை இரண்டு நூல்களின் முதற் பகுதிகளே.

மத்தேயு தம் நூலை ஒரு வம்ச வரலாற்றோடு தொடங்குகிறார். ஆபிரகாம் முதல் தாவீது வரை 14 தலைமுறை. தாவீது முதல் பாபிலோனியச் சிறைவாசம் வரை 14. அதன்பின் கிறிஸ்து வரை 14. இன்னார் இன்னாரைப் பெற்றார் என்று ஒரே வாய்பாட்டில் செல்லும் இப்பட்டியலைப் படிப்போர் பெரும்பாலும் சலிப்புற்றுத் தாண்டிச் செல்வர். தாண்டுவோர் இழப்பது மிகுதி. தந்தையர் பெயர் மட்டுமே வரவேண்டிய வரிசையில் நான்கு பெண்களை மத்தேயு இடையிடையே நுழைத்திருக்கிறார். மாமனை ஏமாற்றி மகப் பெற்ற தாமார், எரிகோ நகரின் கணிகை ராகாப், மோவாபு நாட்டுக் கைம்பெண் ரூத், தாவீது கவர்ந்துகொண்ட உரியாவின் மனைவி என்போரே அந்நால்வர். சாராளையும் ரெபேக்காளையும் போன்ற குலப்பெருமாட்டியரை விட்டுவிட்டு இவர்களை ஏன் தேர்ந்தார்? ஊரார் புருவம் நெரித்த பிறப்புகளின் வழியாகவும் இறைவன் தன் கருத்தை நிறைவேற்றியிருக்கிறான் என்று, வரப்போகும் செய்திக்குப் படிப்போரைப் பழக்குகிறார் அவர். பட்டியலின் இறுதியில் அவ்வாய்பாடு திடுமென முறிகிறது. யோசேப்பு இயேசுவைப் பெற்றார் என்று வரவேண்டிய இடத்தில், யோசேப்பை மரியாளின் கணவர் என்று மட்டும் குறித்து, அவளிடத்திலிருந்து இயேசு பிறந்தார் என்று முடிக்கிறார். இலக்கணம் பயிலும் மாணவர்கள் இதனை நன்கு சுவைப்பர்: செய்வினையாக நாற்பது தலைமுறை ஓடி வந்த வாக்கியம், கடைசித் தலைமுறையில் செயப்பாட்டு வினையாக மாறுகிறது.

அடுத்து வருவது யோசேப்பின் இக்கட்டு. யூத வழக்கப்படி மண ஒப்பந்தம் செய்யப்பெற்ற பெண், கணவன் இல்லம் புகுமுன்னரே சட்டப்படி அவனுடைய மனைவியே ஆவாள். அந்நிலையில் அவள் கருவுற்றிருப்பது தெரியவந்தால் அதன் பொருள் ஒன்றுதான். மோசேயின் சட்டநூல் அக்குற்றத்திற்குக் கல்லெறிந்து கொல்லும் தண்டனையை விதித்திருந்தது. அத்தண்டனை அந்நாளில் நடைமுறையில் அருகியிருப்பினும், அவமானம் உறுதி. யோசேப்பு நீதிமான், ஆகவே அவளை மறைவாக விலக்கிவிட எண்ணினார் என்கிறார் மத்தேயு. நீதி என்பதற்கு அவர் தரும் விளக்கம் இது: சட்டத்தின் முழு வன்மையையும் பிறர்மீது ஏவாமை. கனவில் தேவதூதன் உண்மையை உணர்த்த, யோசேப்பு மரியாளை ஏற்றுக்கொள்கிறார். குழந்தைக்கு இயேசு எனப் பெயரிடுகிறார். பெயரிடுதல் என்பது அச்சமுதாயத்தில் வெறுஞ் சடங்கன்று. பிள்ளையைத் தன் பிள்ளையென்று ஊரறிய ஏற்கும் செயல் அது. இயேசு தாவீதின் வழித்தோன்றல் ஆனது யோசேப்பின் குருதியால் அன்று, இந்த ஏற்பினால்தான்.

லூக்காவின் காட்சி வேறு. அங்கே யோசேப்பு பின்னணியில் இருக்கிறார். முன்னே நிற்பவள் மரியாள். நாசரேத்து என்னும் எளிய சிற்றூரில் கபிரியேல் தூதன் அவளுக்குச் செய்தி கொணர்கிறான். இஃது எங்ஙனம் ஆகும் என்று அவள் வினவுகிறாள். தூய ஆவி அவள்மேல் வரும் என்றும், உன்னதரின் ஆற்றல் அவள்மேல் நிழலிடும் என்றும் விடை வருகிறது. நிழலிடுதல் என்னும் இச்சொல்லை ஊன்றி நோக்கவேண்டும். பாலைவனத்தில் இஸ்ரயேலர் அமைத்த திருக்கூடாரத்தின்மேல் இறைமாட்சியின் மேகம் கவிந்து நின்றதைக் கூறுமிடத்தில், பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பு ஆளும் வினைச்சொல்லும் இதுவே. ஒரு பெண்ணின் உடல் இறைவன் உறையும் கூடாரமாகிறது என்பதை லூக்கா ஒரு சொல்லாலே உணர்த்திவிடுகிறார்.

கிரேக்கப் புராணங்களில் தெய்வங்கள் மானிட மகளிரைக் கூடிப் பிள்ளை பெறும் கதைகள் மலிந்துள்ளன. சீயுஸ் பொன்மழையாய் இறங்கித் தானேயைச் சேர்ந்தான் என்பது அவற்றுள் ஒன்று. கன்னிப் பிறப்பும் அத்தகையதே என்று பழங்காலத்திலும் சொன்னார்கள், இக்காலத்திலும் சொல்கிறார்கள். ஒப்புமை மேற்போக்கானது. நற்செய்தியில் கூட்டம் இல்லை, காமம் இல்லை, உருமாற்றம் இல்லை. ஆவியைக் குறிக்கும் எபிரேயச் சொல் பெண்பால். கிரேக்கச் சொல் அஃறிணைப்பால். ஆவியைக் கணவன் நிலையில் வைத்து நோக்க அம்மொழிகளே இடந்தரவில்லை. படைப்பின் தொடக்கத்தில் நீர்ப்பரப்பின்மேல் அசைவாடிய ஆவியே இங்கும் செயற்படுகிறது என்பதால், இஃது ஒரு மணம் அன்று, ஒரு படைப்பு. முதுமையிலும் மலட்டிலும் மகப் பெற்ற சாராள், அன்னாள், எலிசபெத்து என்போர் வரலாறுகள் விவிலியத்திற்குப் புதியன அல்ல. ஆயின் அங்கெல்லாம் கணவன் உண்டு. இங்கே அவனும் இல்லை.

இனி, மிகுந்த பூசலுக்கு இடமான ஒரு சொல்லைப் பற்றிக் கூறவேண்டும். மத்தேயு இந்நிகழ்ச்சியைக் கூறியபின், ஏசாயா தீர்க்கதரிசியின் வாக்கு நிறைவேறிற்று என்கிறார். அவ்வாக்கு எழுந்த சூழ்நிலை கி.மு. 734ஆம் ஆண்டளவில் நிகழ்ந்த ஒரு போர். தமஸ்கு அரசனும் வட இஸ்ரயேல் அரசனும் கூடி எருசலேமை முற்றுகையிட வந்தபோது, யூதேயாவின் அரசனாகிய ஆகாஸ் நடுங்கினான். ஏசாயா அவனுக்கு ஓர் அடையாளம் கூறினார்: ஓர் இளம்பெண் மகப் பெற்று அதற்கு இம்மானுவேல் எனப் பெயரிடுவாள், அப்பிள்ளை நன்மை தீமை அறியும் பருவம் எய்துமுன் பகைவர் இருவர் நாடும் பாழாகும் என்பது அதன் கருத்து. ‘இம்மானுவேல்’ என்பதற்கு இறைவன் நம்மோடு என்று பொருள். எபிரேய மூலத்தில் உள்ள சொல் ‘அல்மா’. மணப்பருவம் எய்திய இளம்பெண் என்பதே அதன் நேர்ப்பொருள். கன்னி என்பதைத் திட்டமாகக் குறிக்க ‘பெத்தூலா’ என்னும் வேறு சொல் உண்டு. 1947இல் சாக்கடலருகே கண்டெடுக்கப்பட்ட பழைய ஏசாயாச் சுருளிலும் ‘அல்மா’ என்றே இருக்கிறது. ஆயின், கிறிஸ்துவுக்கு முன்னரே யூதர்கள் ஆக்கிய எழுபதின்மர் மொழிபெயர்ப்பு இதனைப் ‘பார்த்தெனோஸ்’ என்று பெயர்த்தது. கன்னி என்பது இக்கிரேக்கச் சொல்லின் வழக்கமான பொருள். மத்தேயு கிரேக்கத்தில் எழுதியவர். அவர் கையாண்டது இச்சொல்லையே.

இதனால் எழுந்த வாதம் இரண்டாம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது. யுஸ்தீன் என்னும் கிறிஸ்தவ அறிஞர் திரிப்போ என்னும் யூதரோடு உரையாடுவதாக எழுதிய நூலில், திரிப்போ எழுப்பும் தடைகளுள் இச்சொல்லின் பொருளும் ஒன்று. 1952இல் அமெரிக்காவில் வெளியான திருத்திய ஆங்கில மொழிபெயர்ப்பு, ஏசாயாவின் வாக்கில் இளம்பெண் என்றே அச்சிட்டது. அதுகண்டு சினந்த போதகர் ஒருவர் அந்த ஏட்டைக் கிழித்து எரித்தார்! அவர் அஞ்சியதற்குக் காரணமில்லை என்பதே என் கருத்து. தீர்க்கதரிசனத்தைத் தவறாகப் படித்து, அதிலிருந்து கன்னிப் பிறப்பைக் கற்பித்துக்கொண்டனர் என்பது திறனாய்வாளர் சிலர் கூற்று. ஆனால் ஏசாயாவை மேற்கோள் காட்டாமலே, மத்தேயுவைச் சாராமலே, லூக்காவும் அதே செய்தியைக் கூறுகிறார். மெசியா கன்னியிடம் பிறப்பார் என்று அவ்வாக்கைக் கொண்டு யூதர்கள் எதிர்பார்த்திருந்ததாகவும் சான்றில்லை. ஆகவே செய்தி முந்தியது. அதற்குப் பொருத்தமான பழைய வாக்கை மத்தேயு பின்னர்க் கண்டெடுத்தார் என்று கொள்வதே பொருந்தும். மொழிபெயர்ப்பின்மேல் நிற்கும் கொள்கை அன்று இது.

இக்கொள்கைக்காகத் திருச்சபை ஏன் இத்துணைப் போராடிற்று? இக்காலத்தார் இதனைப் படிக்கும்போது, கன்னி என்னும் சொல்லே அவர் கண்ணை உறுத்துகிறது. முதல் நூற்றாண்டுகளில் பலரை உறுத்தியதோ ‘பிறந்தார்’ என்னும் சொல். இறைவன் பத்துத் திங்கள் கருவறையில் கிடந்து, குருதியோடு வெளிவந்து, பால் குடித்தான் என்பது அவர்களுக்கு அருவருப்பாயிருந்தது. உடல் இழிந்தது, ஆவியே உயர்ந்தது என்று கருதிய கூட்டத்தார், கிறிஸ்துவின் உடல் வெறுந் தோற்றமே என்றனர். குழாய் வழியே நீர் ஓடுவது போல மரியாளின் வழியே அவர் வந்து சென்றார். அவளிடமிருந்து ஒன்றும் பெறவில்லை என்பது வாலந்தீன் வழியினர் கொள்கை என லியோன் நகரப் பேராயர் இரேனியு எழுதுகிறார். மார்சியோன் என்பார் கருவறைக் கதையையே தள்ளிவிட்டு, வளர்ந்த மனிதராகவே கிறிஸ்துவை வானினின்று இறக்கினார். இவர்கட்கு நேர்மாறாக எபியோனியர் என்ற யூதக் கிறிஸ்தவருட் பலர், இயேசு யோசேப்புக்கும் மரியாளுக்கும் இயல்பாகப் பிறந்த தூயதொரு மனிதர் மட்டுமே என்றனர்.

இவ்விரு திறத்தாருக்கும் இடையே ஒரே சொற்றொடரால் திருச்சபை விடையிறுத்தது. தூய ஆவியால் கருவானார் என்பது எபியோனியர்க்கு விடை; மரியாளிடம் பிறந்தார் என்பது வாலந்தீனுக்கும் மார்சியோனுக்கும் விடை. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அந்தியோக்கியப் பேராயர் இஞ்ஞாசியார் உரோமையில் கொடிய விலங்குகட்கு இரையாக்கப்படுவதற்குக் காவலரால் கொண்டு செல்லப்பட்டார். வழியில் அவர் எழுதிய மடல்களில், கிறிஸ்து உண்மையாகவே பிறந்தார், உண்மையாகவே உண்டார், உண்மையாகவே துன்புற்றார் என்னும் கருத்தைத் திரும்பத் திரும்ப வற்புறுத்துகிறார். காரணம் வெளிப்படை. கிறிஸ்துவின் உடல் மாயை என்றால், அவர் பட்ட துன்பமும் மாயை. அம்மாயைக்காக இஞ்ஞாசியார் தம் மெய்யான உடலை விலங்கின் பல்லுக்கு ஈவது பேதைமை.

இரேனியு இன்னும் ஒரு படி மேலே செல்கிறார். உழப்படாத மண்ணிலிருந்து முதல் மனிதனாகிய ஆதாமை இறைவன் உருவாக்கினான். மணமறியாத பெண்ணிடமிருந்து இரண்டாம் ஆதாமை உருவாக்கினான் என்பது அவர் காணும் ஒப்புமை. ஏவாளின் கீழ்ப்படியாமையால் விழுந்த முடிச்சு, மரியாளின் கீழ்ப்படிதலால் அவிழ்ந்தது என்றும் அவர் கூறுவார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த பெர்நார்து முனிவர், தூதன் கேட்ட பின்னர் மரியாள் விடை கூறுமுன் உள்ள அந்தச் சிறு இடைவெளியைப் பற்றிப் புகழ்பெற்ற மறையுரை ஒன்று ஆற்றினார். விண்ணும் மண்ணும் ஒரு சிற்றூர்ப் பெண்ணின் வாயை நோக்கி மூச்சடக்கிக் காத்திருப்பதாக அவர் காட்டுவார். இறைவன் கட்டளையிடவில்லை, இசைவு கேட்டான் என்பது இங்கே மறைந்துள்ள பொருள். பெண்ணின் இசைவை எவரும் பொருட்படுத்தாத காலத்தில் எழுந்த நூலில் இஃது இருப்பது கருதத்தக்கது.

381ஆம் ஆண்டின் கான்ஸ்தாந்திநோபிள் சங்கம் மரியாளின் பெயரை விசுவாச அறிக்கையில் சேர்த்தது. 431இல் எபேசு நகரில் கூடிய சங்கத்தில், மரியாளை இறைவனின் தாய் என்னலாமா என்னும் வழக்கு எழுந்தது. கிறிஸ்துவின் தாய் என்றால் போதும் என்றார் நெஸ்தோரியு. அங்ஙனம் கூறினால் கிறிஸ்து இரண்டு ஆளாகப் பிளவுபடுவார் என்றார் அலெக்சாந்திரியாவின் சிரில். சிரிலின் கட்சி வென்ற இரவில் நகரத்தார் தீவட்டி ஏந்திப் பேராயர்களை ஊர்வலமாக அழைத்துச் சென்றனர். தாய்க்கு அளித்த பட்டம் மகனைப் பற்றிய தீர்ப்பு என்பதை மறவாதிருந்தால் இப்பூசலின் பொருள் விளங்கும்.

அகுஸ்தீனார் காலந்தொட்டு, இக்கொள்கைக்கு வேறொரு விளக்கமும் வலுப்பெற்றது. ஆதாமின் பாவம் இச்சையோடு கூடிய கூட்டத்தின் வழியே தலைமுறைதோறும் இறங்குகிறது. கிறிஸ்து அவ்வழியே வாராமையால் பாவமற்றவர் என்பது அது. இவ்விளக்கம் மேலை நாட்டில் நெடுங்காலம் செல்வாக்குற்று, மணவாழ்க்கையையே சற்று மாசுடையதாக எண்ணும் மனப்பான்மைக்கும் இடங்கொடுத்தது. மத்தேயுவும் லூக்காவும் இப்படி ஒரு காரணத்தை எங்கும் சொல்லவில்லை என்பதைக் குறிப்பது நம் கடமை.

உயிரியலார் கூறுவதையும் இங்கே ஒரு வார்த்தை சொல்லிச் செல்வோம். அசுவுணிப் பூச்சிகளிலும் சிலவகைப் பல்லிகளிலும் ஆணின்றியே கரு உண்டாதல் உண்டு. பாலூட்டிகளில் அது இயற்கையில் நிகழ்வதில்லை. தாய்வழி மரபணுக்களும் தந்தைவழி மரபணுக்களும் வெவ்வேறு முத்திரை பெற்றுள்ளன என்பதையும், இரண்டும் கூடினாலன்றிக் கரு முதிராது என்பதையும் 1984இல் சுண்டெலிகளைக்கொண்டு செய்த ஆய்வுகள் காட்டின. அன்றியும், தாயிடமிருந்து மட்டும் தோன்றும் மகவு ஆணாதற்கு வேண்டிய நிறக்கோலைப் பெறமுடியாது. ஆகவே பல்லியைக் காட்டிக் கன்னிப் பிறப்பை மெய்ப்பிக்க முயல்வோர் தம் கட்சிக்கு உதவி செய்வதில்லை. இயற்கையில் அரிதாக நிகழும் ஒன்று இது என்று திருச்சபை கூறவில்லை. இயற்கையில் நிகழாத ஒன்று என்றே கூறுகிறது.

அப்படியாயின் கன்னிப் பிறப்பு இயேசுவின் தெய்வத் தன்மைக்குச் சான்றாகுமா? ஆகாது என்பதற்கு இஸ்லாமிய மறையே போதிய விடை. திருக்குர்ஆனின் 19ஆம் அத்தியாயம் மர்யமின் பெயரால் அமைந்தது. அந்நூலில் பெயர் குறித்துக் கூறப்படும் ஒரே பெண் அவ்வம்மையார். ஈஸா நபி தந்தையின்றிப் பிறந்தார் என்பதை முஸ்லிம்கள் ஐயமின்றி நம்புகின்றனர். ஆயினும் அவர் இறைவனின் மகன் என்பதை மறுக்கின்றனர். தாயும் தந்தையும் இன்றித் தோன்றிய ஆதமை எடுத்துக்காட்டி, படைப்போன் ஆகுக என்றால் ஆகும் என்கிறது அம்மறை. ஒரே நிகழ்ச்சியை ஏற்கும் இரு சமயங்கள் அதிலிருந்து வெவ்வேறு முடிபு கொள்வதால், முடிபு நிகழ்ச்சியிலிருந்து மட்டும் பிறப்பதன்று என்பது தெளிவு.

இருபதாம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ அறிஞர்களும் இதனை உணர்ந்தே எழுதினர். அமெரிக்கப் பிரெஸ்பிட்டேரியப் பேரவை 1910இல் இதனை இன்றியமையாத ஐந்து கொள்கைகளுள் ஒன்றாக வரையறுத்தது. 1922இல் நியூயார்க்கில் பாஸ்டிக் என்னும் போதகர், இதனை நேர்ப்பொருளில் ஏற்காதவர்க்கும் சபையில் இடம் வேண்டும் எனப் பேச, பெரும்புயல் எழுந்தது. சுவிட்சர்லாந்தின் கார்ல் பார்த் வேறொரு நெறியில் சிந்தித்தார். கன்னிப் பிறப்பு ஓர் அடையாளம். கிறிஸ்துவின் வாழ்வின் தொடக்கத்தில் இதுவும் முடிவில் வெறுமையான கல்லறையும் இரு வாயில்களாக நிற்கின்றன என்றார். வரலாற்றை ஆக்குபவன் தானே என்று தருக்கும் ஆடவன் இங்கே விலக்கப்படுகிறான். மீட்பு மனிதன் முயன்று ஈட்டியது அன்று, பெற்றுக்கொண்டது என்பதையே அவ்வடையாளம் காட்டுகிறது என்பது அவர் துணிபு. பின்னாளில் பதினாறாம் பெனதிக்து என்னும் போப்பாண்டவரான இராட்சிங்கர், 1968இல் வெளிவந்த தம் நூலில், இயேசு இயல்பான மணவாழ்க்கையில் பிறந்திருந்தாலும் அவருடைய தெய்வத்தன்மை பற்றிய கொள்கை குலையாது என்று எழுதினார். கன்னிப் பிறப்பை அவர் மறுத்தவரல்லர். விவிலிய அறிஞரும் கத்தோலிக்கக் குருவுமாகிய ரேமண்டு பிரவுன், வரலாற்றுச் சான்றுகளை மட்டும் கொண்டு இவ்வினாவுக்கு முடிவு காண இயலாது என்று 1973இல் எழுதினார். நேர்மையான கூற்று.

யோசேப்பை நாம் குடிலின் ஓரத்திலேயே நிற்க விட்டுவிட்டோம். திருச்சபையின் வாதங்களில் அவருக்குக் கிடைத்த இடமும் ஏறத்தாழ அதுவே. தமிழில்தான் அவர் நடுவிடம் பெற்றார். வீரமாமுனிவர் 1726இல் இயற்றிய தேம்பாவணி, 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்ட பெருங்காப்பியம். அதன் தலைவர் இயேசு அல்லர், யோசேப்பே. எபிரேயப் பெயரின் பொருளை உட்கொண்டு ‘வளன்’ என்று அவருக்குத் தமிழ்ப் பெயர் சூட்டினார் முனிவர். கணவனும் மனைவியும் இல்லறத்தில் இருந்துகொண்டே துறவறம் காப்பதை ‘ஈரறம் பொருத்து படலம்’ கூறும். மனைவி கருவுற்றது கண்டு நல்லவன் ஒருவன் உள்ளம் கலங்குவதும் பின் தெளிவதும், மத்தேயுவின் நூலில் சில வாக்கியங்களில் முடிந்துவிடுகின்றன. வீரமாமுனிவர்க்கு அவை போதவில்லை. ‘ஐயந்தோற்று படலம்’ என்றும் ‘ஐயநீங்கு படலம்’ என்றும் அதற்கு இரண்டு படலங்களை அவர் ஒதுக்கியிருக்கிறார்.